ஓகேன்னா என்ன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கைபேசிச் செயலிகளில் வரும் ஆங்கில வரிகளைத் தமிழாக்குவதுதான் என் பிழைப்பு. இத்தனை வருடத்தில் நான் அதிகம் முறை மொழிபெயர்த்த சொல் எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: ஓகே. வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள், ஆங்கிலம் பேசப் பழகும் உறவினர்கள், சும்மா வம்புக்குக் கேட்கும் நண்பர்கள் என்று இந்த ஒரு சொல்லைப் பற்றி என்னிடம் கேட்டவர்கள் நிறைய. அந்தக் கேள்விகளும் நான் சொன்ன பதில்களும் இங்கே.

'ஓகே' என்றால் 'சம்மதம்' என்றுதானே அர்த்தம்? இதில் கேட்க என்ன இருக்கிறது?

போன வாரம் என் தம்பியிடம் தொலைபேசியில் பேசியதை அப்படியே தருகிறேன்.

"நாளைக்குக் காலையில பத்து மணிக்கு வந்துருவேன்டா."

"ஓகே."

"நீ வேலைக்குக் கிளம்புறதா இருந்தா சாவியை எதிர்வீட்டுல குடுத்துட்டுப் போ."

"ஓகே."

"அப்புறம் அந்த ரெண்டாயிரம் ரூபா..."

"ஓகே ஓகே, வண்டி ஓட்டிட்டிருக்கேன், அப்புறம் பேசுறேன்."

முதல் ஓகே, நான் சொன்னது காதில் விழுந்தது என்பதற்கு. நான் வருவதற்கு அவன் சம்மதம் தேவையே இல்லை. இரண்டாவது, சொன்னபடி செய்கிறேன் என்ற வாக்கு. மூன்றாவதுக்கு 'போதும், நிறுத்து' என்று பொருள். ஒரே ஆள், ஒரே நிமிடம், மூன்று ஓகே, மூன்று அர்த்தம். இதில் முதல் இரண்டுக்கும் இடையில் இருக்கும் இடைவெளிதான் பெரிய தொல்லை. 'கேட்டேன்' என்பதும் 'ஒப்புக்கொண்டேன்' என்பதும் வேறு வேறு. ஓகே இரண்டுக்கும் நிற்கும், எதற்காக நிற்கிறது என்று சொல்லாது. கீழே வரும் பதில்களில் பாதி இந்தத் தொல்லையைச் சுற்றியே போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

ஒரு எழுத்துப்பிழையிலிருந்து. அதுவும் வேண்டுமென்றே செய்த பிழை.

1830களின் கடைசியில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் பத்திரிகையாளர்களிடையே ஒரு விளையாட்டுப் பரவியிருந்தது. ஒரு தொடரைத் தப்பும் தவறுமாக எழுதுவது, பிறகு அந்தத் தப்பான எழுத்துகளின் முதலெழுத்தை மட்டும் எடுத்துச் சுருக்குவது. இன்றைக்கு இளசுகள் அரட்டையில் செய்வதை அன்றைக்கு மீசை வைத்த ஆசிரியர்கள் செய்தித்தாளில் செய்தார்கள். 'ஆல் ரைட்' என்பதை, 'ரைட்'டுக்கு முன்னால் ஒரு 'டபிள்யூ'வும் ஒட்டி, 'ஓல் ரைட்' என்று சிதைத்து எழுதி 'ஓ.டபிள்யூ.' என்று சுருக்கினார்கள். 'நோ கோ', அதாவது நடக்காது என்பது, முன்னால் ஒரு 'கே' ஒட்டிக்கொண்டு 'கே.ஜி.' ஆனது. அந்த வரிசையில் 'ஆல் கரெக்ட்' என்பது, 'சி'க்குப் பதில் 'கே' போட்டு, 'ஓல் கொரெக்ட்' ஆகி, 'ஓ.கே.' என்று சுருங்கியது.

1839 மார்ச் 23 அன்று 'பாஸ்டன் மார்னிங் போஸ்ட்' பத்திரிகையில் இது அச்சேறியது. கேலிக்காக நடத்தப்பட்ட ஒரு 'மணியடிப்பு எதிர்ப்புச் சங்க'த்தின் பயணத்தைப் பற்றிய குறும்புச் செய்தி அது. நடுவில் 'ஓ.கே.' என்று போட்டு, பக்கத்திலேயே 'ஆல் கரெக்ட்' என்று விளக்கமும் கொடுத்திருந்தார்கள். விளக்கம் கொடுக்க வேண்டியிருந்தது என்பதைக் கவனியுங்கள். சொல் அன்றைக்கு அவ்வளவு புதுசு.

கூடப் பிறந்த சுருக்கங்கள் எல்லாம் சில வருடங்களில் செத்துப்போயின. இது மட்டும் பிழைத்ததற்கு அரசியல் கைகொடுத்தது. 1840 அதிபர் தேர்தலில் மறுபடி நின்ற மார்ட்டின் வான் பியூரனுக்குச் சொந்த ஊர் நியூயார்க் மாநிலத்திலுள்ள கிண்டர்ஹூக். 'ஓல்ட் கிண்டர்ஹூக்' என்று அவருக்குப் பட்டப்பெயர். அதன் முதலெழுத்துகளும் ஓ, கே! ஆதரவாளர்கள் 'ஓ.கே. கிளப்' தொடங்கினார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? வான் பியூரனின் குருநாதர் ஆண்ட்ரூ ஜாக்சனுக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது, அவர்தான் 'ஆல் கரெக்ட்' என்பதை இப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டார் என்று ஒரு கதை கட்டினார்கள். வான் பியூரன் தோற்றுப்போனார். சொல் ஜெயித்துவிட்டது. பிற்பாடு தந்தி வந்ததும், செய்தி ஒழுங்காக வந்து சேர்ந்தது என்று எதிர்முனைக்குச் சொல்ல ஆபரேட்டர்களுக்கு இந்த இரண்டெழுத்து வசதியாகப் போயிற்று.

இதையெல்லாம் பழைய செய்தித்தாள்களைப் புரட்டிப் புரட்டித் தேடிக் கண்டுபிடித்தவர் ஆலன் வாக்கர் ரீட் என்ற கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர். 1963, 64 ஆம் ஆண்டுகளில் வரிசையாகக் கட்டுரைகள் எழுதினார். இன்றைய அகராதிகள் அவர் பக்கம்தான் நிற்கின்றன.

செவ்விந்தியர் மொழியிலிருந்து வந்தது, கிரேக்கத்திலிருந்து வந்தது என்றெல்லாம் படித்தேனே?

நானும் படித்திருக்கிறேன். சோக்டா பழங்குடியினர் மொழியில் 'ஓகே' போல ஒலிக்கும் ஒரு சொல் உண்டு, 'அப்படித்தான்' என்கிற மாதிரிப் பொருள். அதிபர் உட்ரோ வில்சன் இந்தக் கதையை நம்பி, கோப்புகளில் கடைசியில் ஓர் 'எச்' சேர்த்தே எழுதி ஒப்புதல் கொடுப்பார். கிரேக்கத்தில் 'ஓலா கலா' என்றால் 'எல்லாம் நலம்'. ஸ்காட்லாந்துக்காரர்கள் 'ஓக் ஐ' என்பார்கள். மேற்கு ஆப்பிரிக்க மொழிகளிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் வழியே வந்தது என்றும் ஒரு கருத்து உண்டு. போரில் யாரும் சாகாத நாளில் 'சீரோ கில்ட்' என்று எழுதி வைப்பார்கள், அதுதான் ஓகே ஆனது என்று வாட்ஸ்அப்பில் வருவது சுத்தக் கப்சா.

ஒலி ஒத்துப்போவதை மட்டும் வைத்துச் சொல்லுக்குப் பூர்வீகம் சொல்ல ஆரம்பித்தால் முடிவே கிடையாது. யாழ்ப்பாணத்தில் 'ஆம்' என்பதற்கு 'ஓம்' என்கிறார்களே, அதிலிருந்துதான் 'ஓ' வந்தது என்று நாமும் ஒரு கதை விடலாம்.

ஓகே, ஓக்கே, ஓ.கே. எது சரி?

ஆங்கிலத்தில் இரண்டு பெரிய எழுத்துகளாக எழுதுவதும், நான்கு எழுத்தில் விரித்து எழுதுவதும் இரண்டுமே சரி. செய்தி நிறுவனங்கள் சில முதல் வகையை வற்புறுத்தும். நாவல்களில் இரண்டாவது வகை அதிகம். ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை அதிலேயே போனால் போதும்.

தமிழில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நம் எழுத்துமுறைப்படி உயிருக்கு நடுவில் ஒற்றைக் ககரம் வந்தால் மெலிந்து ஒலிக்கும்: 'பகல்', 'முகம்'. அந்தக் கணக்கில் 'ஓகே' என்று எழுதினால், அந்தச் சொல்லையே கேட்டிராதவர் அதை 'ஓஹே' மாதிரித்தான் வாசிக்க வேண்டும். அதனால்தான் பழைய பத்திரிகைக்காரர்கள் சிலர் 'ஓக்கே' என்று எழுதினார்கள். இலக்கணப்படி அவர்கள் செய்ததுதான் சரி. ஆனால் ஓகேவைக் கேட்டிராத தமிழர் இன்றைக்கு யார்? கண் பழகிவிட்டது, நான் 'ஓகே' என்றே எழுதுகிறேன்.

"சாப்பாடு ஓகே" என்றால் பாராட்டா, குறையா?

யார் சமைத்தது என்பதைப் பொறுத்தது. வீட்டில் இப்படிச் சொல்லிப் பாருங்கள், தெரியும்.

ஓகே என்ற சொல்லுக்குத் தராசு கிடையாது. குறையில்லை, தள்ளிவிட வேண்டியதில்லை என்று மட்டும் சொல்லும்; நன்றாக இருக்கிறது என்று சொல்லாது. 'படம் எப்படி?' 'ஓகே.' இதைக் கேட்டு யாரும் டிக்கெட் எடுப்பதில்லை. ஆனால் இதே சொல், விபத்தில் விழுந்து எழுந்தவனிடம் 'ஆர் யூ ஓகே?' என்று கேட்டு 'ஓகே' என்று பதில் வந்தால், அதைவிட நல்ல செய்தி இல்லை. மோசமானதை எதிர்பார்த்த இடத்தில் ஓகே என்றால் நிம்மதி, நல்லதை எதிர்பார்த்த இடத்தில் ஓகே என்றால் ஏமாற்றம்.

ஆங்கிலத்தில் 'ஜஸ்ட் ஓகே' என்று முன்னால் ஒரு சொல் சேர்ந்தாலோ, 'ஓகே' என்பதை இழுத்துச் சொன்னாலோ குறை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் நாம் 'பரவாயில்ல' என்பதை வைத்து இதே விளையாட்டை ஆடுகிறோம். 'பரவாயில்லையே!' என்று வியப்போடு சொன்னால் மெச்சுதல். வெறும் 'பரவால்ல' என்றால் சுமார்தான்.

காபி வேண்டுமா என்று கேட்டேன். 'ஐ ஆம் ஓகே' என்றார். கொடுத்தேன், குடிக்கவில்லை. ஏன்?

வேண்டாம் என்றுதான் அவர் சொன்னார். 'எனக்கு இப்போதே எல்லாம் போதுமானதாக இருக்கிறது, சிரமப்படாதீர்கள்' என்பதன் சுருக்கம் அது. 'ஐ ஆம் குட்', 'ஐ ஆம் ஃபைன்' எல்லாமே இந்த இடத்தில் மறுப்புதான். வெளிநாடு போன நம்மவர்கள் முதல் மாதத்தில் தடுக்கி விழும் இடம் இது. 'தட்ஸ் ஓகே' என்பதும் அப்படி: 'நான் பெட்டியைத் தூக்கட்டுமா?' என்று கேட்டு 'தட்ஸ் ஓகே' என்று பதில் வந்தால் கையை எடுத்துவிடுங்கள். மாறாக, 'மன்னிச்சுக்குங்க' என்று நீங்கள் சொல்லி 'தட்ஸ் ஓகே' வந்தால், மன்னித்தாயிற்று.

'ஓகே பண்ணு', 'ஓகே ஆச்சு' எல்லாம் சரியான பயன்பாடா?

தாராளமாக. ஆங்கிலத்திலேயே இது வினைச்சொல்லாகவும் பெயர்ச்சொல்லாகவும் ஓடிக்கொண்டிருக்கிறது. மேலதிகாரி ஒரு திட்டத்தை 'ஓகேட்' செய்வார், அவருடைய 'தி ஓகே'வுக்காகக் கீழே உள்ளவர்கள் காத்திருப்பார்கள். நாம் நம் பங்குக்குப் 'பண்ணு', 'ஆகு', 'சொல்லு' மூன்றையும் ஒட்டிக்கொண்டோம். மூன்றுக்கும் வேறுபாடு இருக்கிறது. 'மாப்பிள்ளை வீட்டுல ஓகே சொல்லிட்டாங்க' என்றால் வாயால் சம்மதம். 'மேனேஜர் ஓகே பண்ணிட்டார்' என்றால் அதிகாரம் உள்ளவரின் ஒப்புதல். 'லோன் ஓகே ஆயிடுச்சு' என்றால் யார் செய்தார் என்பதே தேவையில்லை, தானாக நடந்த மாதிரி. அலுவலகத்தில் யார் பொறுப்பு என்று தெரியக்கூடாது என்றால் 'ஆயிடுச்சு'தான் பாதுகாப்பு.

சினிமாக்காரர்களுக்கு இது தொழிற்சொல். எடுத்த காட்சி திருப்தி என்றால் இயக்குநர் 'ஓகே' என்பார், இல்லையென்றால் 'ஒன் மோர்'. தேறிய டேக்குக்கு 'ஓகே டேக்', தேறாததற்கு 'என்.ஜி.', அதாவது 'நோ குட்'. அங்கே ஓகே என்றால் சுமார் என்று அர்த்தமில்லை. நடிகர் மூச்சு விடலாம், விளக்கைத் தூக்கிக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போகலாம் என்று அர்த்தம்.

அச்சகத்து ஓகே இன்னொரு வகை. என் தங்கை கல்யாணப் பத்திரிகையின் புரூஃபைப் பார்த்து, அப்பா ஓரத்தில் 'ஓகே' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஐந்நூறு பத்திரிகை அடித்து வந்த பிறகு பார்த்தால் 'ஞாயிற்றுக்கிழமை' என்பதில் ஓர் எழுத்தைக் காணோம். அச்சகத்துக்காரர் கோபப்படவே இல்லை. மேசை இழுப்பறையைத் திறந்து அந்தப் புரூஃபை எடுத்து எங்கள் முன்னால் விரித்து வைத்தார். பச்சை மையில் அப்பாவின் ஓகே. அதன் கீழே கையெழுத்து, தேதி. அப்பா தான் 'பார்த்தேன்' என்ற பொருளில் எழுதியிருந்தார். அச்சகத்தில் அதற்கு 'பிழை இருந்தால் என் பொறுப்பு' என்று பொருள்.

பெரியவர்களிடம் 'ஓகே' என்று சொல்லலாமா?

தனியாகச் சொன்னால் வெட்டினாற்போல் இருக்கும். பெரியப்பா 'நாளைக்கு வந்துட்டுப் போப்பா' என்கிறார். 'ஓகே' என்று மட்டும் சொன்னால், ஏதோ நீங்கள் அவருக்கு அனுமதி கொடுத்த மாதிரி ஆகிவிடும். 'சரிங்க பெரியப்பா' என்றால் பிரச்சினையே இல்லை. 'ங்க' என்ற ஒட்டு 'சரி'யோடு இயல்பாகச் சேரும். 'ஓகேங்க' என்பதும் இப்போது காதுக்குப் பழகிவிட்டது, ஆனாலும் கடைக்காரரிடம் சொல்கிற அளவுக்குத்தான் அதில் மரியாதை. அலுவலகத்தில் 'ஓகே சார்', 'ஓகே மேடம்' போதும்.

ஆங்கில மின்னஞ்சலிலும் இதே நெருடல் உண்டு. மேலாளர் நீளமாக எழுதிய கடிதத்துக்கு ஒற்றைச் சொல்லில் ஓகே என்று பதில் போனால் அவருக்குச் சுருக்கென்று இருக்கும். என்ன செய்யப்போகிறீர்கள் என்று அரை வரி சேர்த்துவிட்டால் தீர்ந்தது.

விமானிகள் ஓகே சொல்ல மாட்டார்களாமே?

வானொலியில் வேலை நேரப் பேச்சுக்கு அவர்களிடம் தனிச் சொற்கள் இருக்கின்றன. 'ரோஜர்' என்றால் நீங்கள் சொன்னது முழுவதும் வந்து சேர்ந்தது, அவ்வளவுதான். 'வில்கோ' என்றால் கேட்டேன், அதன்படி செய்வேன். 'அஃபர்ம்' என்றால் ஆம். ஓகே ஒன்றே செய்கிற மூன்று வேலையையும் மூன்று சொல்லாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

ஏன் இந்தக் கறார் என்பதற்கு 1977 மார்ச் 27 அன்று நடந்ததைச் சொல்ல வேண்டும். ஸ்பெயினுக்குச் சொந்தமான கேனரித் தீவுகளில் ஒன்று டெனரிஃப். பக்கத்துத் தீவின் விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால் பல விமானங்கள் டெனரிஃபின் சின்ன நிலையத்துக்குத் திருப்பி விடப்பட்டிருந்தன. மூடுபனி. ஒரே ஓடுபாதையில் இரண்டு ஜம்போ ஜெட். ஒரு முனையில் நெதர்லாந்தின் கேஎல்எம் நிறுவன விமானம் கிளம்பத் தயாராக நிற்கிறது. அதே பாதையில் பான் அமெரிக்கன் விமானம் எதிரே ஊர்ந்து வந்துகொண்டிருக்கிறது. ஒன்றுக்கு மற்றொன்று தெரியவில்லை. விமானங்களுக்கு உத்தரவு கொடுக்கும் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்தவருக்கு இரண்டுமே தெரியவில்லை.

கேஎல்எம் விமானி, நாங்கள் இப்போது 'டேக் ஆஃப்'பில் இருக்கிறோம் என்கிற மாதிரி ஒரு வாக்கியம் சொன்னார். கிளம்பத் தயார் என்கிறாரா, கிளம்பிவிட்டோம் என்கிறாரா என்று பிரித்தறிய முடியாத ஆங்கிலம். கோபுரத்திலிருந்து பதில் வந்தது: 'ஓகே.' ஒரு சின்ன இடைவெளி. பிறகு, 'கிளம்புவதற்குக் காத்திருங்கள், நான் அழைக்கிறேன்.' ஆனால் அந்த இரண்டாவது பகுதி வந்த அதே கணத்தில் பான் அமெரிக்கன் விமானமும் தான் இன்னும் பாதையில்தான் இருப்பதாகச் சொல்ல வாயெடுத்தது. இரண்டு குரலும் ஒரே அலைவரிசையில் மோதி, கேஎல்எம் விமானிகளின் காதில் கிறீச்சென்ற இரைச்சல். அதற்கு முன்னால் தெளிவாக விழுந்தது அந்த ஓகே மட்டும்.

583 பேர் இறந்தார்கள். இன்று வரை விமானப் போக்குவரத்தில் அதைவிட அதிகம் பேரைக் கொன்ற விபத்து கிடையாது. ஒரு சொல்லால் நடந்தது என்று சொல்ல மாட்டேன். கேஎல்எம் விமானம் அனுமதி கிடைக்காமலேயே ஓடத் தொடங்கியிருந்தது, பனி, அவசரம், இட நெருக்கடி என்று காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன. ஆனால் கோபுரம் 'காதில் விழுந்தது' என்று சொன்னதை விமானம் 'போகலாம்' என்று எடுத்துக்கொள்ள அந்த ஓகே இடம் கொடுத்தது. அதற்குப் பிறகு விதிகளை இறுக்கினார்கள். 'டேக் ஆஃப்' என்ற சொல், கிளம்ப அனுமதி கொடுக்கும்போதும் அந்த அனுமதியை ரத்து செய்யும்போதும் மட்டுமே வர வேண்டும். முக்கியமான உத்தரவுக்கு ஓகே, ரோஜர் போன்ற ஒற்றைச் சொல் பதில் செல்லாது, கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

கணினியில், கைபேசியில் ஏன் எல்லாப் பெட்டியிலும் 'ஓகே' பொத்தான்?

1983 இல் வெளிவந்த ஆப்பிளின் 'லிசா' கணினியை உருவாக்கிக்கொண்டிருந்தபோது, அந்தப் பொத்தானில் முதலில் 'டூ இட்' என்று எழுதியிருந்தார்களாம், 'செய்' என்ற பொருளில். சோதித்துப் பார்க்க வந்த ஒருவர் அந்தப் பொத்தானைத் தொடாமல் தவிர்த்துக்கொண்டே இருந்தார். ஏன் என்று கேட்டால், 'இந்தக் கணினி என்னை ஏன் டோல்ட் என்று திட்டுகிறது?' என்றாராம். டோல்ட் என்றால் மட்டி. இரண்டு சொல்லுக்கும் நடுவே போதிய இடம் விடாததாலும், ஆங்கிலத்தின் பெரிய 'ஐ'யும் சின்ன 'எல்'லும் ஒரே கோடாகத் தெரிந்ததாலும் வந்த வினை. மாற்றி ஓகே என்று வைத்தார்கள். அந்தக் குழுவில் இருந்தவர்கள் பின்னாளில் சொன்ன கதை இது.

தமிழில் அந்தப் பொத்தானுக்குச் 'சரி' என்று வைத்திருக்கிறோம். அளவிலும் பொருத்தம், பொருளிலும் பொருத்தம். சிக்கல் வேறு இடத்தில். எங்களுக்கு வேலை வருவது நீண்ட அட்டவணையாக. இடப்பக்கம் ஆங்கில வரி, வலப்பக்கம் காலி. அந்த வரி திரையில் எங்கே வரும் என்று பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள். ஒருமுறை வெறும் 'ஓகே' என்று ஒரு வரி. பழக்கத்தில் 'சரி' என்று போட்டுவிட்டேன். செயலி வெளியானதும் திறந்து பார்த்தால், 'பேட்டரி நிலை: சரி', 'வைஃபை: சரி' என்று ஒரு பட்டியல். ஏதோ பேட்டரி எனக்குத் தலையாட்டுகிற மாதிரி. அங்கே 'நன்று' என்றோ 'கோளாறு இல்லை' என்றோ இருந்திருக்க வேண்டும்.

அதைவிட மோசமானது டிக்கெட் செயலி ஒன்றில் மாட்டியது. 'டிக்கெட்டை ரத்துசெய்யவா?' என்று கேள்வி. கீழே இரண்டு பொத்தான்: 'சரி', 'ரத்துசெய்'. டிக்கெட்டை ரத்து செய்ய எதை அழுத்துவீர்கள்? 'ரத்துசெய்' என்பதை அழுத்தினால் ரத்து செய்வதை ரத்து செய்துவிடும். ஆங்கிலத்திலும் இதே குழப்பம்தான், 'ஓகே', 'கேன்சல்' என்று. இதற்கு நல்ல சொல் தேடிப் பயனில்லை, பொத்தானில் வினையையே எழுத வேண்டும்: 'ஆம், ரத்துசெய்', 'வேண்டாம், டிக்கெட் இருக்கட்டும்'. நல்ல வடிவமைப்பாளர்கள் இதை வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அட்டவணையை அனுப்புகிறவர்கள்தான் கேட்பதில்லை.

வாட்ஸ்அப்பில் வெறும் 'கே' என்று பதில் வந்தால் கோபம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

அனுப்பியவர் வயது என்ன? ஐம்பது தாண்டியவர் என்றால் நேரம் மிச்சம் பிடிக்கிறார், கவலை வேண்டாம். இருபது என்றால் கொஞ்சம் கவலைப்படலாம். இரண்டு கே போட்டால் சமாதானம். ஓகேவுக்குப் பின்னால் முற்றுப்புள்ளி வைத்தால் நிலைமை கெட்டுவிட்டது. இது சும்மா சொல்வதல்ல. நியூயார்க் மாநிலத்தின் பிங்ஹாம்டன் பல்கலைக்கழகத்தில் 2015 இல் 126 மாணவர்களிடம் சோதித்துப் பார்த்தார்கள். குறுஞ்செய்தியில் ஒற்றைச் சொல் பதிலுக்குப் பின்னால் முற்றுப்புள்ளி இருந்தால், இல்லாததைவிட அது மனப்பூர்வமாக இல்லை என்று அவர்களுக்குத் தோன்றியது. கையால் எழுதிய சீட்டில் அதே புள்ளி எந்த வேறுபாட்டையும் உண்டாக்கவில்லை.

'ஓகே பூமர்' என்றால்?

'பூமர்' என்றால் இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு பிறந்த தலைமுறை, சுருக்கமாகச் சொன்னால் பெரிசு. 2019 நவம்பரில் நியூசிலாந்து நாடாளுமன்றத்தில் 25 வயது உறுப்பினர் குளோயி ஸ்வார்பிரிக் காலநிலை மசோதாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். யாரோ குறுக்கே குரல் கொடுக்க, தலையைக்கூடச் சரியாகத் திருப்பாமல் 'ஓகே பூமர்' என்று சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார். என் தம்பியின் மூன்றாவது ஓகே நினைவிருக்கிறதா? அதன் அண்ணன் இது.

கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து வட்டம் காட்டுவது எல்லா ஊரிலும் ஓகேதானா?

இல்லை, ஜாக்கிரதை. பிரேசிலில் அது ஆபாசம். பிரான்சில் 'பூஜ்யம், எதற்கும் உதவாது' என்று பொருள்படலாம். ஜப்பானில் காசு. அமெரிக்காவில் 2017 வாக்கில் இணையத்தில் சிலர் குறும்புக்காக, இது வெள்ளை இனவெறியர்களின் அடையாளம் என்று கிளப்பிவிட்டார்கள். பிறகு நிஜமான இனவெறியர்களே அதை எடுத்துக்கொள்ள, 2019 இல் அங்குள்ள அவதூறு எதிர்ப்புக் கழகம் தன் வெறுப்புச் சின்னப் பட்டியலில் அதைச் சேர்த்தது. நம் ஊரில் அதே விரல்கள் சாப்பாட்டுக்கு 'சூப்பர்' சொல்கின்றன, கோயிலில் தட்சிணாமூர்த்தி கையில் சின்முத்திரையாக இருக்கின்றன.

கடலுக்குள் முக்குளிப்பவர்களின் வழக்கம் எனக்குப் பிடிக்கும். அங்கே அந்த வட்டம் கேள்வியும் ஆகும், பதிலும் ஆகும். ஒருவர் காட்டினால் எதிரில் இருப்பவர் திருப்பிக் காட்டியே தீர வேண்டும். காட்டாவிட்டால் ஏதோ ஆபத்து என்று நெருங்கி வருவார்கள். கட்டைவிரலை உயர்த்திவிடாதீர்கள், நீருக்கடியில் அதற்கு 'மேலே போகலாம்' என்று அர்த்தம்.

நிலவில் பேசிய முதல் சொல் ஓகேவா?

கிட்டத்தட்ட. 1969 ஜூலை 20 அன்று ஈகிள் கலம் இறங்கியபோது, அதன் கால்களில் தொங்கிய உணர்கம்பி தரையைத் தொட்டதைக் காட்டும் விளக்கு எரிந்ததும் ஆல்டிரின் அதைச் சொன்னார், சில நொடியில் 'ஓகே, எஞ்சின் ஸ்டாப்' என்றார். ஆம்ஸ்ட்ராங்கின் புகழ்பெற்ற வாக்கியம் வர அதற்குப் பிறகு பல மணி நேரம் ஆயிற்று.

தமிழில் 'சரி' இருக்கும்போது ஓகே எதற்கு?

எதற்கும் இல்லைதான். இரண்டும் பொருளில் இவ்வளவு நெருக்கமாக இருப்பது தற்செயலும் அல்ல. ஓகே பிறந்ததே 'எல்லாம் சரி' என்ற தொடரிலிருந்து. 'கணக்கு சரி', 'சரி, போகலாம்', 'சரி சரி, அழாதே', 'சரி, அப்புறம்?' என்று ஓகே போகிற இடமெல்லாம் சரியும் போகும். ஓகே போகாத இடத்துக்கும் போகும். 'அவனும் நானும் சரிசமம்' என்பதில் ஓகேவை நுழைத்துப் பாருங்கள். நான் எழுத்தில் சரி, பேச்சில் ஓகே என்று இரண்டையும் வைத்திருக்கிறேன். விட்டுவிடச் சொன்னால் ஓகேவை விடுவேன்.

ஆனால் 'கேட்டேன்' என்பதற்கு மட்டும், வேறு எதற்கும் கிடையாது என்று ஒரு சொல் வேண்டுமென்றால், அது ஓகேயும் இல்லை, சரியும் இல்லை. 'ம்'. கதை சொல்லும்போது எங்கள் ஆத்தா உம் கொட்டச் சொல்வாள். ராஜா காட்டுக்குப் போனான். ம். அங்கே ஒரு கிழவியைப் பார்த்தான். ம். ராஜா செய்தது நியாயம் என்று நாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை, கதை பிடித்திருக்கிறது என்றும் சொல்லவில்லை. காது திறந்திருக்கிறது, அவ்வளவுதான். இருட்டில் ஒரு 'ம்' வராமல் போனால் ஆத்தா அந்த வாக்கியத்தைக்கூட முடிக்க மாட்டாள். போர்வையை இழுத்துக் கழுத்து வரை மூடிவிட்டு எழுந்து போவாள்.